டிக் விழாத பதினோரு பக்கங்கள்

சாகாத காதலின் விலை கிலோ பதினான்கு. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு நடுவே, பழைய பேப்பர் எடுப்பவரின் தராசில் வைத்து முடிவான விலை அது. அவர் நாற்பதில் தொடங்கினார். நியாயமாக நான் அதைப் பன்னிரண்டில் முடித்திருக்க வேண்டும். பூட்டு, கீல், தாழ்ப்பாள் மொத்த வியாபாரியின் மகள் நான். எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிட்டது என்பார்கள். ஆனால் அன்று, சரக்கு வேண்டும் என்பதை முகத்தில் காட்டிவிட்டேன். அப்பா பார்த்திருந்தால் என்னை மகள் என்று வெளியில் சொல்லியிருக்க மாட்டார்.

தட்டில் கிடந்தவை ஆறு தடித்த புத்தகங்கள். நானூறு வயதான ரத்தக்காட்டேரிப் பிரபு ஒருவனும் கல்லூரியில் படிக்கும் பெண்ணொருத்தியும் காதலிக்கும் கதை. மொத்தம் ஏழு பாகம். மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்கள் வீடு காலி செய்தபோது, லிஃப்டுக்கு எதிரே உள்ள பொது அலமாரியில் விட்டுப் போனார்கள். அலமாரியில் ஒரு நோட்டு தொங்கும். புத்தகம் எடுப்பவர் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பாகத்துக்கு மட்டும் நாற்பத்து மூன்று கையெழுத்து. அதே அலமாரியில் தோல் அட்டை போட்ட கனமான இலக்கியங்களும் இருந்தன. அவற்றில் எறும்புதான் உறுப்பினர்.

எழுத்து நன்றாக இருந்தது என்று நான் சொல்லவே இல்லை. படு மோசம். முதல் பாகத்தில் பிரபுவின் கண் சாம்பல் நிறம், மூன்றாம் பாகத்தில் பச்சை, ஐந்தில் கடல் நீலம்; ஒரே ஆளுக்கு இத்தனை ஷேடு என் தையல் சாமான் கடையின் நூல்கண்டு அட்டையில்கூடக் கிடையாது. அவன் இதயம் நின்று நானூறு வருஷம் ஆயிற்று, ஆனால் அவளைக் கண்டால் படபடக்கிறது. கண்ணாடியில் அவன் உருவம் தெரியாது, ஆனால் கண்ணாடி முன் நின்று தலை வாருகிறான். அந்தப் பெண் மூன்று வருஷம் கல்லூரிக்குப் போகிறாள், ஒரு பரீட்சை கிடையாது. 'அவன் மௌனம் ஒரு மூடிய கதவைப் போலத் திறந்தது' என்று ஒரு வரி. தாழ்ப்பாள் கடைக்காரர் மகளிடம் சொல்லும் வரியா இது?

எல்லாம் தெரியும். தெரிந்துதான் படித்தேன். கடையில் ஜிப்பும் லேசும் அளந்து கொடுக்கும் நேரம் போக, கல்லாப்பெட்டிக்குக் கீழே மடியில் வைத்து இரண்டாயிரத்து அறுநூறு பக்கம் படித்தேன். இத்தனை பக்கத்தில் அவன் அவளை ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை. கடித்தால் அவள் மனுஷியாக இருக்க மாட்டாள், கடிக்காவிட்டால் கிழவியாகிச் செத்துப்போவாள். இதுதான் சங்கடம். ஆறாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், பாறையிலிருந்து விழுந்து அவள் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. அவன் அவள் கழுத்தருகே குனிகிறான். 'குனிந்தான்.' அவ்வளவுதான். புத்தகம் முடிந்துவிட்டது.

புத்தகத்தை மூடியபோது எனக்கு மூச்சே வரவில்லை. மறுநாள், திங்கட்கிழமை காலை, ஆறாம் பாகத்தை வைத்துவிட்டு ஏழாவதை எடுக்கலாம் என்று அலமாரிக்குப் போனேன். ஆறை வைக்க முடிந்தது. ஏழு அங்கே இல்லை. நோட்டில் இரண்டாம் மாடி சாரின் கையெழுத்து, கோடு போட்டது போல நேராக. 'ஆய்வுக்காக' என்று அடைப்புக்குறிக்குள் வேறு. அன்று மாலையே ஆறாம் பாகத்தையும் அவர் எடுத்துக்கொண்டு போனார்.

சார் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதைவிட முக்கியம், முப்பத்தொரு வருஷம் பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தியவர். குடியிருப்போர் சங்கத்தின் சுற்றறிக்கை அவர் கைக்குப் போனால் சிவப்புப் பென்சில் வாங்கித்தான் திரும்பி வரும். ஆறு மாதமாக, நான் ஒரு பாகத்தைத் திருப்பி வைத்தவுடன் அவர் அதை எடுப்பது வழக்கமாகியிருந்தது. ஏதோ நல்ல மனுஷர், ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்ததும், "அடுத்து நம்ம அலமாரியின் தரம்" என்றார் செயலாளர். சார் எழுந்தார். கையில் நான்கு தாள். மேஜைமேல் ஆறு பாகங்கள்.

"நண்பர்களே, இந்த ஆறு நூல்களில் நான் கண்டெடுத்த பிழைகள் இருநூற்றுப் பன்னிரண்டு" என்று ஆரம்பித்தார். "சிலவற்றை மட்டும் வாசிக்கிறேன்."

வாசித்தார். கண் நிறம், கண்ணாடி, பரீட்சை, கதவு, எல்லாம். நன்றாகவே வாசித்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கூட்டமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. எனக்கும் இரண்டு இடத்தில் சிரிப்பு வந்தது. அதுவரைக்கும் எனக்குக் கோபமில்லை. சரக்கைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

பிறகு தாளை மடித்துக்கொண்டு சொன்னார். "இவ்வளவு ஓட்டையையும் ஒருத்தர்கூடக் கவனிக்காம இத்தனை பேர் படிச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம். நம்ம வீட்டுப் பெண்களோட ரசனை இந்த அளவுக்குப் போயிடுச்சேன்னு."

எனக்குக் காது சுட்டது.

"கவனிக்கலைன்னு யார் சார் சொன்னது?" என்று எழுந்தேன்.

"உட்காரும்மா. ஒவ்வொருத்தரா பேசலாம்."

"நான் ஒருத்திதான் சார் பேசறேன். உங்க பட்டியல்ல இல்லாததையும் சொல்லட்டுமா? ரெண்டாம் பாகத்துல அவ அம்மா செத்துப்போறாங்க, நாலாம் பாகத்துல போன் பண்றாங்க. அதை விட்டுட்டீங்களே."

யாரோ சிரித்தார்கள். சார் தாளைப் புரட்டினார். உண்மையிலேயே அது இல்லை.

ஐந்தாம் மாடி நர்ஸ், இரவு வேலை முடிந்து வந்து சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவள், கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "குரூப்கூடப் பாக்காம ரத்தம் குடிக்கறான் சார். எனக்குத் தெரியாத தப்பா? இருபது வருஷமா அதே வேலைதானே பாக்கறேன். ஆனா காலையில வீட்டுக்கு வந்தா எனக்கு அவன்தான் வேணும்."

"இதுக்குப் பேர் ரசனையா?" என்றார் சார்.

"இதுக்குப் பேர் ரெஸ்ட்டு சார்" என்றாள் அவள்.

ஆனால் ஏழு பாகத்தையும் எடைக்குப் போட்டுவிடலாமா என்ற வாக்கெடுப்பில் தோற்றோம். புத்தகம் இருக்கட்டும் என்று கை தூக்கியது நானும் அவளும் மட்டும். நோட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒன்பது பேர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்தாள். ஒருத்தி போனில் நேரம் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பிழைக்குச் சிரித்துவிட்டு, பிறகு எப்படிக் கையைத் தூக்குவது? அந்த வெட்கத்தை உண்டாக்கத்தான் அவர் அவ்வளவு நன்றாக வாசித்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதில் இன்னொரு கூத்து, செயலாளர் பழைய பேப்பர்காரரை ஒன்பதரைக்கே வரச் சொல்லியிருந்தார். தீர்ப்பு பத்தரைக்கு, தராசு அதற்கு முன்பே கீழே வந்து நின்றுவிட்டது.

"ஏன்க்கா, பேப்பர் விலைக்கு வாங்கி என்ன பண்ணப் போறீங்க? கிழிஞ்ச அட்டை வேற" என்றார் பேப்பர்காரர், நான் பின்னாலேயே ஓடி வந்ததைப் பார்த்து.

"கடையில பொத்தான் மடிச்சுத் தரத்தான்."

"பொத்தானுக்கு ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது?"

நாற்பது என்றார். அவர் சங்கத்துக்குக் கொடுத்தது பதினொன்று என்று எனக்குத் தெரியும். தராசின் இடது தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தத்தைச் சுட்டிக் காட்டியதும் பதினான்குக்கு இறங்கினார். மூன்றே முக்கால் கிலோ. கட்டைத் தூக்கியபோதுதான் எண்ணிப் பார்த்தேன். ஆறுதான்.

"ஏழாவது எங்க அண்ணே?"

"அதை அந்த சாரே கொண்டாந்து போடறேன்னாருக்கா. அடுத்த வாரம்."

அடுத்த வாரம்! கூட்டத்தில் தீர்ப்பு இன்று, தண்டனை மட்டும் அடுத்த வாரமா?

கடைக்குக் கொண்டுபோய்க் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழ் மூலையிலும் சிவப்பில் ஒரு டிக் இருந்தது. பிழை கண்ட இடத்தில் கோடு, ஓரத்தில் எண், கீழே டிக். எதற்கு டிக் என்று முதலில் புரியவில்லை. பிறகு என் நாத்தனார் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளும் விடைத்தாள் திருத்தப் போவாள். பக்கத்தைப் படித்து முடித்ததற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு பக்கத்திலும் டிக் போட வேண்டுமாம், வெற்றுப் பக்கமாக இருந்தாலும். ஒரு டிக் விட்டுப்போனால், தலைமைத் திருத்துநர் கட்டையே திருப்பி அனுப்பி, எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைப்பாராம். முப்பத்தொரு வருஷப் பழக்கம். கை தானாகப் போட்டிருக்கிறது.

அப்படியென்றால் இந்த மனுஷர் இரண்டாயிரத்து அறுநூறு பக்கத்தையும் படித்திருக்கிறார். துணி சாயம் போகுமா என்று பார்க்க ஓரத்தில் ஒரு நூலை நனைத்தால் போதும். யாராவது முழுத் துணிக்கட்டையும் ஆறு மாதம் போர்த்திக்கொண்டு படுப்பார்களா?

டிக்குகளைப் புரட்டிக்கொண்டே போனேன். நாலாம் பாகம். முந்நூறாம் பக்கம், டிக். முந்நூற்றொன்றில் இல்லை. முந்நூற்றிரண்டிலும் இல்லை. முந்நூற்றுப் பதினொன்று வரை டிக்கும் இல்லை, பிழைக் கோடும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டில், கொஞ்சம் கோணலாக, மறுபடியும் டிக்.

அந்தப் பக்கங்கள் எனக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் மழை. அவளை விட்டுப் பிரிந்தால்தான் அவள் பிழைப்பாள் என்று பிரபு கிளம்புகிறான். அவள் டிக்கெட் வாங்கக் காசில்லாமல் நடைமேடைக் கம்பிக்கு வெளியே நின்று, கம்பி வழியாகக் கையை நீட்டுகிறாள். பிழை இல்லாத பக்கங்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் கை கதகதப்பாக இருக்கிறது. அதற்கு முன் மூன்று பாகம் முழுக்க அது ஐஸ். ஏற்கெனவே போய்விட்ட ரயில் மறுபடி கிளம்புகிறது. அணைந்த விளக்கு எரிகிறது. பதினோரு பக்கத்தில் பதினேழு பிழை, இப்போது எண்ணினேன். முதல் தடவை படித்தபோது நானும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மீட்டர் லேஸ் கேட்டவருக்கு ஒன்றரை மீட்டர் வெட்டிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

கடையை மதியம் ஒரு மணிக்கே சாத்தினேன். நாலாம் பாகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. "வாம்மா. உள்ளதான் இருக்காரு. கூட்டத்துலேர்ந்து வந்து உட்கார்ந்தவரு, சாப்பிடக் கூப்பிட்டாலும் காது கேக்கலை."

ஜன்னல் ஓரம் நாற்காலியில் அவர். மடியில் ஏழாம் பாகம். சிவப்புப் பென்சில் தூரத்தில், மேஜைமேல் குவளையில், சீவிய முனை மேலே பார்க்க நின்றது.

"ஏம்மா, அதை நானே பேப்பர்காரர்கிட்ட போட்டுடறேன்னு சொன்னேனே."

"எப்ப சார்? முடிச்சதுக்கு அப்புறமா?"

"ஆய்வுன்னா முழுசாப் பாக்கணும்மா."

"சரி சார். அப்ப இதையும் பாருங்க." நாலாம் பாகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். "முந்நூத்தி ஒண்ணுலேர்ந்து முந்நூத்திப் பதினொண்ணு. டிக் எங்க?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொன்று. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், எழுப்பி நிற்க வைக்கும் அந்தத் தலைமைத் திருத்துநர் எங்கள் பின்னால் வந்து நின்றுவிட்டதைப் போலிருந்தது. எட்டிக் குவளையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"இப்ப போடக்கூடாது சார்!"

"படிச்சுட்டுத்தானேம்மா போடறேன்" என்று முந்நூற்றொன்றாம் பக்கத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

நான் நின்றேன். அவர் படித்தார். பக்கம் திருப்பினார். பென்சில் அசையவில்லை. அடுத்த பக்கம். கம்பிக்கு வெளியே கை நீளும் இடம் வந்திருக்க வேண்டும், தொண்டையைக் கனைத்தார். பக்கம் திரும்பியது. டிக் விழவில்லை. பென்சில் எடுத்த வேலையே அவருக்கு மறந்துபோயிற்று.

பின்னாலிருந்து அவர் மனைவி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "முன்ன இதைப் படிச்ச அன்னிக்கும் இப்படித்தாம்மா. கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. என்னன்னு கேட்டா வெங்காயம்னாரு. நான் ஊருக்குப் போயிட்டு அப்பத்தான் வந்து நிக்கறேன், ரெண்டு நாளா அடுப்பே பத்த வைக்கலை வீட்ல!"

"நீ சும்மா இரு" என்றார் அவர், புத்தகத்தை மூடி.

"சார், ஏழாம் பாகம் எனக்கு வேணும்" என்றேன். "ஆனா அது மட்டும் போதாது. இருநூத்திப் பன்னிரண்டு பிழையையும் இப்ப அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்காங்க. அதுக்குக் கீழ, எனக்கும் பிடிச்சுதான் படிச்சேன்னு ஒரு வரி எழுதுங்க."

"பிழை பிழைதானேம்மா?"

"பிழை இல்லேன்னு யார் சார் சண்டை போட்டா? இன்னும் பதினேழு நான் தரேன், சேத்துக்குங்க. நாங்க தப்பு தெரியாம படிச்சோம்னீங்களே, அதுதான் சார் பொய். உங்களுக்குத் தப்பும் தெரியும், கண்ணீரும் வரும். எங்களுக்கு மட்டும் கண்ணீர் வந்தா தப்பு தெரியாதா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முப்பத்தொரு வருஷம் மத்தவங்க எழுதினதைத் திருத்தினவன்மா நான். இந்த வயசுல எழுந்து நின்னு, காட்டேரிக் கதை பிடிச்சுதுன்னு சொன்னா…"

"சொன்னா என்ன சார், மார்க் குறைஞ்சிடுமா? இன்னிக்குக் காலையில ஒன்பது பேரு அந்த பயத்துலதான் கை தூக்கலை. அந்த பயம் நீங்க குடுத்தது."

மடியிலிருந்த ஏழாம் பாகத்தில் விரலை அடையாளம் வைத்திருந்தார். அந்த விரலை எடுக்க மனம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. "இன்னும் நாப்பத்து மூணு பக்கம் இருக்கும்மா" என்றார். சின்னப் பிள்ளை பம்பரத்தைக் கொடுக்க மறுப்பது போல இருந்தது. கோபத்தோடு கோபமாக எனக்கு அது புரியவும் செய்தது. அந்த நாற்பத்து மூன்று பக்கத்தைப் பறிப்பது யாராலும் முடியாத காரியம்.

"ஆறு மணி வரைக்கும் டைம். புத்தகமும் வரணும், வரியும் வரணும்" என்றேன்.

"சரிம்மா" என்றார். எதற்குச் சரி என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு இரண்டாவது தடவையாக வியாபாரத்தில் கோட்டை விட்டேன்.

ஆறடிக்கக் கால் மணி இருக்கும்போது அழைப்பு மணி. கதவைத் திறந்தால் ஆள் இல்லை. காலடியில், பழைய வினாத்தாளில் அட்டை போட்டு, ஏழாம் பாகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினேன். ஒரு டிக் கிடையாது.

திங்கட்கிழமை கடையில் உட்கார்ந்து படித்து முடித்தேன். கடித்தான். முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில், மூன்று வரியில், அவசர அவசரமாக. இடது கழுத்தில் கடித்தான், வலது கழுத்தில் ரத்தம் வந்தது. நான் எண்ணவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பி மூன்று தடவை படித்தேன். ஜிப் வாங்க வந்தவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது ஏழும் என் கடையில், லேஸ் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. கை தூக்காத ஒன்பது பேரில் ஐந்து பேர் இதுவரை ஜிப் வாங்க வந்துவிட்டார்கள். "எத்தனை இஞ்ச்?" என்று கேட்டால், "ரெண்டாம் பாகம் இருக்கா?" என்கிறார்கள். கொடுக்கிறேன். ஆனால் ஒவ்வொருத்தியையும், "அன்னிக்குக் கைக்கு என்ன ஆச்சு, சுளுக்கா?" என்று கேட்காமல் விடுவதில்லை. நர்ஸ் மட்டும் கேள்வி இல்லாமல் எடுத்துப் போகலாம்.

அறிவிப்புப் பலகையில் நான்கு தாளும் இன்னும் தொங்குகின்றன. இறந்த அம்மா போன் செய்ததைச் சார் எப்போதோ வந்து இருநூற்றுப் பதின்மூன்றாவது பிழையாகச் சிவப்பில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த நேர்மைக்குக் குறையில்லை. லிஃப்டில் என்னைப் பார்த்தால் தரையைப் பார்க்கிறார். நான் அவரையே பார்க்கிறேன்.

கணக்கு இவ்வளவுதான். அவர் கண்ட பிழை, என்னுடையதையும் சேர்த்து, இருநூற்றுப் பதின்மூன்று. அந்தப் பதினோரு பக்கத்தில் அவர் காணாதவை பதினேழு. வரவேண்டிய புத்தகம் ஏழு, வந்தது ஏழு, அதில் பாக்கி இல்லை. பலகையில் வரவேண்டிய வரி ஒன்று. இன்றோடு பத்தொன்பது நாள். வந்தது பூஜ்யம். தள்ளுபடி கிடையாது.